சமனொளி மலையும் தேய்ந்த மூட்டுகளும்

மலையேற்றத்தின் வரலாற்றை எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: உச்சியை முதலில் தொட்டவர் யார்? மோன் பிளாங்க் என்றால் 1786, பக்கார், பல்மா. எவரெஸ்ட் என்றால் 1953, டென்சிங், ஹிலாரி. முதல்வரின் பெயர் பதிவானதும் அந்த மலையின் வரலாறு பாதி முடிந்துவிட்டதாகவே அவர்களுக்குத் தோன்றும். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் வெறும் எண்ணிக்கை.

இலங்கையின் சிவனொளிபாத மலையிடம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் உருப்படியான பதில் கிடைக்காது. வலகம்பா மன்னன் ஒரு மானைத் துரத்திச் சென்று உச்சியில் பாதச்சுவட்டைக் கண்டான் என்றொரு மரபுக்கதை உண்டு, அவ்வளவே. ஆனால் வேறொரு கேள்விக்கு இம்மலை தாராளமாகப் பதில் சொல்கிறது. ஏற இயலாதவர்கள் எப்படி ஏறினார்கள்? முதியவர்கள், நோயாளிகள், கால் தளர்ந்தவர்கள் உச்சிக்குப் போய்ச்சேர யார் என்ன செய்தார்கள்? இதற்குக் கல்வெட்டு இருக்கிறது, பாலிக் காவியம் இருக்கிறது, அரபுப் பயணியின் குறிப்பு இருக்கிறது, ஆங்கில மருத்துவர் ஒருவரின் நூலும் இருக்கிறது.

இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டுப்படிப்பால் வந்ததன்று. முழங்காலால் வந்தது.

2018 பெப்ரவரியில் நாங்கள் நால்வர் அம்மலைக்குப் போனோம். ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தேழு வரை வயது. இலக்கியக் கூட்டங்களில் முதலில் நாற்காலி தேடி உட்காரும் வகையினர். நால்வருக்கும் சேர்த்து எட்டு முழங்கால்கள்; அவற்றுள் மூன்றைத்தான் நம்பலாம். எங்களுள் மூத்தவருக்கு வலது முழங்காலில் குருத்தெலும்பு நன்றாகவே தேய்ந்திருந்தது. சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், படிகளை மட்டும் யோசித்து ஏறுங்கள் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். அவரும் யோசித்தார். ஓராண்டு யோசித்துவிட்டு எங்களோடு கிளம்பினார்.

நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர்; படிகள் ஏறத்தாழ 5,500. உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் ஏறவேண்டியது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நள்ளிரவில் ஏறத் தொடங்கி, உச்சியில் சூரியோதயம் கண்டு இறங்குவதே பொதுவான வழக்கம். எங்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் படி தவறிவிடுமோ என்ற அச்சம். ஆகவே விடியலில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவதென்று முடிவு செய்தோம். இது புத்திசாலித்தனமான முடிவு என்றே அப்போது நினைத்தோம். இருட்டு எவ்வளவு பெரிய கருணை என்பது பிறகுதான் தெரிந்தது. இரவில் ஏறுபவனுக்கு அடுத்த படி மட்டுமே தெரியும். பகலில் ஏறுபவனுக்கு மீதிப் படிகள் அத்தனையும் தெரியும்.

* * *

தமிழ் வாசகர்களுக்கு இம்மலை புதிதன்று. மணிமேகலை இதை ஓரிடத்தில் சமந்தம் என்கிறது, பிறிதோரிடத்தில் சமனொளி என்கிறது. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பிறவிக்கடல் கடத்தும் கலமாகச் சாத்தனார் காண்கிறார். சமனொளி என்ற அந்தப் பெயருக்கும் இன்று நாம் வழங்கும் சிவனொளி என்ற பெயருக்கும் உள்ள ஒலி நெருக்கம் எவர் காதிலும் விழும். சிங்களத்தில் சமனல என்றும் சிறீபாத என்றும் வழங்குகிறது. பௌத்தருக்கு அது புத்தரின் சுவடு, சைவருக்குச் சிவனுடையது, இஸ்லாமியருக்கு ஆதிபிதா ஆதம் விண்ணிலிருந்து இறங்கி நின்ற இடம், போர்த்துக்கீசியர் வந்தபின் புனித தோமையாரின் பெயரும் அதனோடு சேர்ந்தது. ஒரே பள்ளத்தை நான்கு சமயத்தார் தத்தம் பாதமாகக் கொண்டாடும் இடம் உலகில் அரிது.

மணிமேகலையில் சமனொளியை வலங்கொண்டு திரும்புபவர்கள் சாரணர்கள். வான்வழியே திரியும் ஆற்றல் பெற்றவர்கள். அவர்களுக்கு மூட்டு வலி இருந்திருக்க வாய்ப்பில்லை. மண்ணில் நடப்பவர்களின் கதை அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் கிடைக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்தில் இரண்டாண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியான், மலையுச்சியிலுள்ள சுவட்டைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அப்போதே அறுபதைக் கடந்தவர். மத்திய ஆசியப் பாலைநிலங்களைக் கால்நடையாகத் தாண்டி இந்தியா வந்தவர். ஆனால் இம்மலையில் தாம் ஏறியதாக அவர் சொல்லவில்லை.

ஏறுபவர்களின் துன்பத்தை முதலில் அரச காரியமாக எடுத்துக்கொண்டவன் முதலாம் விஜயபாகு. 1070இல் பொலன்னறுவையிலிருந்து சோழர் ஆட்சியை அகற்றியவன் என்று நாம் பாடத்தில் படித்த அதே விஜயபாகு. சமந்தகூடத்துக்குப் பாதம் வணங்கப் போகும் மக்கள் கடும்பாதையில் படும் துயரைக் கண்டு, அவர்களுக்குச் சோறு வழங்குவதற்காகக் கிலிமலை என்னும் ஊரை அவன் மானியமாக எழுதிவைத்தான் என்கிறது சூளவம்சம். இரத்தினபுரிப் பக்கம் ஏறுபவர்களுக்கு அந்த ஊர். ஊவாப் பக்கமிருந்தும் அம்பகமுவப் பக்கமிருந்தும் வருபவர்களுக்கும் தனித்தனியே ஊர்கள் கொடுத்தான். அம்பகமுவவில் உள்ள அவனுடைய கல்வெட்டும் இந்த அறங்களைப் பதிவு செய்கிறது.

சற்றே நின்று இதைக் கவனிக்க வேண்டும். மன்னர்கள் மலைகளுக்குச் செய்தவை என்று நாம் பொதுவாக அறிந்தவை கோயில்கள், பொன் வேய்ந்த விமானங்கள், வெற்றித் தூண்கள். விஜயபாகு செய்தது சோறு. அடிவாரத்திலும் வழியிலும் சோறு கிடைத்தால் யாருக்கு நன்மை? ஒரே மூச்சில் ஏறி இறங்கும் இளைஞனுக்கு அது அவ்வளவு தேவையில்லை. இரண்டு நாளோ மூன்று நாளோ எடுத்துக்கொள்பவனுக்குத்தான் தேவை. அந்த மானியத்தின் உள்ளே கிழவர்களும் கிழவிகளும் இருக்கிறார்கள். கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை, அவர்களுக்கான அரிசி இருக்கிறது.

அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். உச்சியின் மேல் தளத்துக்குக் கீழே மற்றொரு தளம் அமைத்து, தாழ்ந்த குலத்தார் அங்கிருந்தே வணங்குமாறு விஜயபாகு ஏற்பாடு செய்தான். அத்தனை படி ஏறி வந்தவனைக் கடைசிச் சில படிகளுக்கு முன்னால் நிறுத்தும் ஏற்பாடு அது. ஏற முடியாதவனுக்குச் சோறிட்ட அதே அரசு, ஏறி வந்தவனுக்குத் தடையும் இட்டது. யாரை மேலே வரவிடுவது என்ற கேள்வி இம்மலையில் முழங்காலோடு மட்டும் முடிவதில்லை.

விஜயபாகுவுக்குப் பின்வந்தோரும் பாதையைக் கைவிடவில்லை. நிசங்க மல்லன் (1187-1196) படை பரிவாரத்தோடு மேலே வந்து வணங்கியதை உச்சியை அடுத்த பகவா குகையில் கல்வெட்டாக்கினான். இரண்டாம் பராக்கிரமபாகு (1236-1270) காலத்தில் அமைச்சன் தேவபதிராஜ இன்னும் பயனுள்ள வேலை செய்தான். வழியிலுள்ள ஆறுகளுக்குப் பாலங்கள் கட்டினான். இளைப்பாறும் மண்டபங்கள் எழுப்பினான். கால் வைத்து ஏறக் கற்கள் பதித்தான். எந்த ஊரில் எத்தனை முழப் பாலம் என்று சூளவம்சம் ஓர் ஒப்பந்தக்காரரின் கணக்கேட்டைப் போல அடுக்கிச் சொல்கிறது. படிக்கும்போது அலுப்பாக இருந்த அந்தப் பகுதியின் அருமை, நல்லதண்ணிப் பாதையில் இரண்டாயிரமாவது படியருகே எங்களுக்கு விளங்கியது. அங்கே ஓர் இளைப்பாறு மண்டபம் இருந்தது.

* * *

1344இல் மாலைத்தீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி, அதாவது யாழ்ப்பாண மன்னன், என்ன வேண்டுமென்று கேட்க, ஆதமின் பாதத்தைக் காண வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பயணி. தமிழ் அரசன் அந்த முஸ்லிம் பயணிக்குப் பல்லக்குக் கொடுத்தான். கூடவே, ஆண்டுதோறும் பாதயாத்திரை போகும் வழக்கமுடைய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், துணைக்குப் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு சிறு ஊர்வலத்தையே அனுப்பிவைத்தான்.

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்று எழுதுகிறார் இப்னு பதூதா. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, ஆதமும் ஏவாளும். மாமா வழி எளிது. யாத்திரிகர்கள் அதன்வழியே இறங்குவார்கள். ஏறுவதற்கும் அதையே பிடித்தவனை யாத்திரை செய்தவனாகவே யாரும் மதிப்பதில்லை. பாபா வழி செங்குத்தானது. முன்னோர்கள் பாறையில் படிகள் வெட்டி, இரும்புத் தூண்கள் நட்டுச் சங்கிலிகள் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவானாம். அரை நூற்றாண்டுக்கு முன் இத்தீவைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் இந்தச் சங்கிலிகளைக் குறிப்பிடுகிறார்.

ஆக, இம்மலையில் இரண்டு எண்ணங்கள் நெடுங்காலமாக எதிரும் புதிருமாக இருந்து வந்திருக்கின்றன. துன்பப்பட்டு ஏறினால்தான் புண்ணியம் என்பது ஒன்று. பிறர் துன்பத்தைக் குறைப்பதே புண்ணியம் என்பது மற்றது. முதலாவது மாமா வழியை இளக்காரமாகப் பார்க்கிறது. இரண்டாவது சங்கிலி கட்டுகிறது, பாலம் போடுகிறது, சோற்றுக்கு ஊரை எழுதிவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாபா வழியை மெச்சுபவனும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறான். அதைக் கட்டியவன் யாரென்று கேட்பதில்லை.

இப்னு பதூதாவின் குறிப்பில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியது போல ஓரிடம் உண்டு. அம்மலையில், எவரும் நெருங்க முடியாத ஓரிடத்தில், இலையே உதிராத மிகப் பழைய மரம் ஒன்று இருக்கிறதாம். அதன் இலையைக் கண்டவர் எவரையும் தாம் சந்திக்கவில்லை என்கிறார். ஆனால் அடிவாரத்தில் சில யோகிகள் அந்த இலை ஒன்று விழுவதற்காக அங்கேயே காத்திருக்கிறார்கள். அதைத் தின்றால் கிழவனும் இளமை பெறுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. அது பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு மேலே போகிறார் இப்னு பதூதா.

நாங்கள் அந்த இடத்தை விட்டு அவ்வளவு விரைவாக நகர முடியவில்லை. இளமை திரும்பி வரட்டும், பிறகு ஏறலாம் என்று அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருபுறம். இருக்கிற காலோடு ஆண்டுதோறும் ஏறும் நான்கு யோகிகள் மறுபுறம். ஒரே மலை, ஒரே காலம், ஒரே மரபைச் சேர்ந்த துறவிகள். நம் காலத்தில் இலைக்குப் பதில் மாத்திரைகளும் தைலங்களும் உள்ளன, காத்திருப்பில் மாற்றமில்லை.

* * *

தேய்ந்த மூட்டின் இயற்கையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் கிடையாது. ஆகவே தேய்ந்தால் அது எளிதில் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. படி ஏறும்போது முழங்காலின் மேல் நம் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சுமை விழுகிறது. இறங்கும்போது அதைவிடச் சற்று அதிகம். அதற்காகக் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவதும் மருந்தன்று. தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் மூட்டின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும்; தசை நடந்தால்தான் வலுக்கும். கைத்தடி ஒன்று கூட இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் ஆறு மாதம் மாடிப்படி ஏறிப் பழகியிருந்தோம். அதனால் காலை ஒன்பது மணிவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

வெள்ளைத் தூபியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, யாத்திரிகர்கள் வெண்ணூலை இழுத்துக் கட்டிச் செல்லும் இடத்தையும் தாண்டியபின் படிகள் செங்குத்தாயின. ஒரு மண்டபத்தின் திண்ணையில் நாங்கள் உட்காரப் போனபோது பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் தடுத்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எழுபதுக்கு மேலிருக்கும். பேரனோடு வந்திருந்தார்.

"ஒக்காராதீங்க ஐயா. ஒக்காந்தா முட்டி புடிச்சிக்கும், எந்திரிக்க ஏலாது. செவுத்துல சாஞ்சி நின்னுக்கிட்டே மூச்சு வாங்குங்க."

எத்தனையாவது தடவை என்று கேட்டோம். கணக்கு வைக்கவில்லை என்றார். மேலே இன்னும் எவ்வளவு தூரம் என்று எங்களில் ஒருவர் கேட்க, அப்படிக் கேட்கக் கூடாதென்று பேரன் சிரித்தான். அது அந்த மலையின் வழக்கம். யாத்திரையில் தூரம் கேட்பதில்லை. அந்த அம்மாள் மடியிலிருந்து சித்தாலேபக் குப்பியை எடுத்துத் தம் முழங்காலில் தேய்த்துக்கொண்டு, மிச்சத்தை எங்கள் மூத்தவரிடம் நீட்டினார். அவரும் வாங்கித் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைக்காமல் இடதை வைத்து ஏறச்சொல்லிக் காட்டினார். நல்ல கால் முன்னே ஏற வேண்டும், நோகும் கால் முன்னே இறங்க வேண்டும். மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறையும் இதுவேதான். அவர் அதை முதுகில் கூடையோடு கற்றிருக்கிறார்.

இந்தப் பாதையின் வரலாற்றில் அவருடைய முன்னோருக்கு இடமுண்டு. பழைய அரசர்கள் காலத்தில் முதன்மையாக இருந்தது இரத்தினபுரி வழி. ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தபின்தான் நல்லதண்ணி வழியில் கூட்டம் பெருகியது. அந்த ரயில் யாத்திரிகர்களுக்காக வந்ததன்று; தேயிலைக்காக வந்தது. தமிழகத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இம்மலையின் காலடியில் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். தினமும் சரிவுகளில் ஏறி இறங்கிய அவர்களின் மூட்டுகள், எங்களுடையதைப் போல வயதினால் மட்டும் தேய்ந்தவையல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. விஜயபாகுவின் கீழ்த்தளம் கல்வெட்டோடு முடிந்துபோனதென்று நாம் நினைத்துவிடக் கூடாது. மலை எல்லாரையும் ஏற்றுக்கொண்ட காலத்திலும் நாடு சிலரைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தியிருந்தது.

மலை யாருடையது என்ற வழக்கும் இதைப் போலவே சிக்கலானது. சைவத்தைத் தழுவிய சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் (1581-1593) பாதத்தின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. அதை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தவன் கண்டியை ஆண்ட கீர்த்தி சிறீ இராஜசிங்கன் (1747-1782). அவனோ மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். சிங்கள மன்னன் சைவரிடம் கொடுக்க, தென்னிந்திய வழிவந்த மன்னன் பௌத்தரிடம் திருப்பிக் கொடுத்தான். இந்த வரலாற்றை ஒரு தரப்பின் வசமாக்க முயல்பவர்களுக்கு இந்தத் தகவல் எப்போதும் இடைஞ்சலாகவே இருக்கும்.

* * *

மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறியிருப்போம். மணி பதினொன்று. எங்கள் மூத்தவர் ஒரு தேநீர்க் கடை முன் நின்றுவிட்டார். வலி பொறுக்க முடியாததாக இல்லை என்றும், ஆனால் இறங்குவதற்கு இந்தக் கால் மிச்சமிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏறுவதற்குத் தேவையானதை மட்டும் கணக்கிட்டு வந்த மற்ற மூவருக்கும் அது உறைத்தது. நாங்கள் படித்த பயணக் குறிப்புகள் எல்லாமே உச்சியோடு சுருதி இறங்கிவிடுபவை. இறக்கத்தைப் பற்றி எவரும் விரிவாக எழுதியதில்லை. மாமா வழியை ஒரு வரியில் சொன்ன இப்னு பதூதாவுக்கு அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும்.

நாங்களும் நின்றுவிடுகிறோம் என்றோம். அவர் ஒப்பவில்லை. "போய்ட்டு வாங்க. ஆனா எம் பேர்ல மணி மட்டும் அடிச்சிராதீங்க" என்றார். உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். பிறர் கணக்கில் அடிக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இஞ்சி பிளேன்டீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

மூவர் மேலே போனோம். கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளைப் பிடித்து உடலைக் கைகளால் இழுத்துக்கொண்டுதான் ஏறினோம். இப்னு பதூதாவின் சங்கிலிகளுக்கும் இந்தக் கம்பிகளுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள். பிடிக்கும் கையின் நடுக்கத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. நண்பகல் கடந்து உச்சியை அடைந்தபோது மேகம் மூடியிருந்தது. விடியலில் விழும் முக்கோண நிழலையும் காணவில்லை, கடலையும் காணவில்லை. பாதச்சுவட்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. கூட்டம் குறைவு. ஆளுக்கு ஒருமுறை மணியை அடித்தோம்.

அந்த மேகத்துக்குள் நின்றபோது நினைவுக்கு வந்தது ஜான் டேவி எழுதிய காட்சி. விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. ஆங்கிலேயப் படையில் மருத்துவராக இலங்கைக்கு வந்தவர். 1817இல் இவ்வுச்சிக்கு ஏறி, பாதச்சுவட்டை அளந்து, ஐந்தடி மூன்றேமுக்கால் அங்குல நீளம் என்று 1821இல் வெளியான தம் நூலில் எழுதினார். அது மனிதர் வேலைப்பாடு கலந்த வெறும் பள்ளம் என்பதே அவர் முடிவு. அறிவியல் மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தபின் அவர் கண்ட ஒன்றையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒரு யாத்திரிகர் குழு வழிபாட்டை முடித்தது. முடித்தபின் ஒருவரையொருவர் வணங்கத் தொடங்கினார்கள். முதலில் நரைத்த தலையுடைய ஒரு கிழவி, தன்னோடு வந்த முதியவரின் காலில் விழுந்தாள். அவள் கண்களில் நீர். அந்த முதியவர் அன்போடு அவளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு நடுவயதினர் அந்த இருவரையும் வணங்கினார்கள். இளையவர்கள் முதியோரை வணங்கிவிட்டு நடுவயதினரை வணங்கினார்கள். ஒத்த வயதினர் மெல்லத் தலைதாழ்த்தி வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

டேவி அந்தக் கிழவியின் பெயரைக் கேட்கவில்லை. அவர்கள் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாள் நடந்து வந்தார்கள், எப்படி இறங்கினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. கம்பிகளும் சிமெண்டுப் படிகளும் இல்லாத காலம். யாரோ அவர்களுக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். வணங்கிய நடுவயதினரும் இளைஞர்களும்தான் அந்தக் கைகள் என்று ஊகிப்பதில் தவறில்லை. பாதம் பள்ளமா, பாதமா என்ற விவாதம் தொடரட்டும். அவ்வளவு தூரம் ஏறி வந்தவர்கள், சுவட்டை வணங்கிய கையோடு தம்மோடு ஏறி வந்த முதியவரையும் வணங்கினார்கள். இம்மலையின் ஆயிரமாண்டு ஆவணங்களில் எங்களுக்கு மிகவும் வேண்டியது இந்த ஒரு பத்திதான்.

* * *

இறங்க நான்கு மணி நேரம் ஆயிற்று. தேநீர்க் கடையிலிருந்து மூத்தவரும் சேர்ந்துகொண்டார். நோகும் கால் முன்னே, கைத்தடி பக்கத்திலே, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக. வழியில் அந்த அம்மாள் பேரனோடு எங்களைத் தாண்டிப் போனார். அடிவாரத்தின் விளக்குகள் தெரிந்தபோது இருட்டிவிட்டது. பொழுது சாயுமுன் இறங்கும் எங்கள் திட்டம் பொய்த்தது. அடுத்த படி மட்டும் தெரிந்ததால் கடைசி அரைமணி நேரம் இலகுவாகவே கழிந்தது.

பிறகு எங்கள் நண்பருக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தது. எழுபதைக் கடந்துவிட்டார். புதிய மூட்டோடு மாடிப்படிகள் ஏறுகிறார். ஐயாயிரத்துச் சொச்சம் படிகளுக்கு அது ஈடுகொடுக்குமா என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடுத்த முறை இரண்டு நாளாகப் பிரித்து, வழியில் ஓர் இரவு தங்கி ஏறலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விஜயபாகு சோற்றுக்கு ஊர் எழுதிவைத்தது அப்படி ஏறுபவர்களுக்காகத்தானே!

போன வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபின் கேட்டார்: "கடைசிப் படிக்கட்டுல கம்பி எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?"

நினைவிருந்த வரையில் சொன்னோம்.